சொரண்டி படாத மண்

ஜீவராணி தேத்தண்ணியைக் கடைசி மடக்கு வரை குடிப்பதில்லை. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே சாயத்தண்ணியை உறிஞ்சுவாள். குவளையின் அடியில் கொஞ்சம் மிஞ்சும்போது குனிந்து, இரண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே சாம்பல் பூத்துச் செத்துக் கிடப்பதுபோல் கிடக்கும் மண்ணில் அதை ஊற்றுவாள். ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சாம்பல் முதலில் கறுக்கும். பிறகு கறுப்புக்குள்ளிருந்து பச்சை கிளம்பும். சுருண்டு கிடந்த பாசி மயிரிழை மயிரிழையாக விரியும்.

"முழிச்சிக்கிச்சு," என்பாள். தினமும் இதே வேலை, இதே சொல்.

சீனியைத் தேத்தண்ணியிலேயே போட்டுக் குடித்தால் என்ன என்று கேட்டேன். "அப்பறம் எறும்பு வரும், நர்சம்மா. எறும்புக்கா நான் மலை வச்சிருக்கேன்?" என்றாள்.

நாற்பத்தைந்தைத் தாண்டியவள். கொழுந்து எடுக்கும் பெண்களில் அவள்தான் உயரம். தூரத்தில் நிற்கும்போதே அடையாளம் தெரியும். புருஷனுடைய பழைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, அதற்கு மேல் படங்கை, செடி கீறாமல் இருக்க இடுப்பில் கட்டும் முரட்டுத் துணியை, சுற்றி இறுக்கியிருப்பாள். புருஷன் கந்தப்பன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறார். வீட்டில் அவளும் ஒரு கிடாயும்தான். கிடாய்க்கு 'தொரை' என்று, தோட்டத்து மேனேஜரைக் கூப்பிடும் பெயரையே வைத்திருக்கிறாள். காரணம் கேட்டதற்கு, "ஒரு வேலையும் செய்யாம மலையச் சுத்திச் சுத்தி வருதுல்ல," என்றாள். குரல் பெரிது. மெதுவாகப் பேசச் சொன்னால் பேச்சையே நிறுத்திவிடுவாள், குறைக்க மாட்டாள்.

கந்தப்பளைக்கு மேலே, எங்கள் தோட்டத்தின் கடைசி மேட்டில் இருக்கிறது அவளுடைய மலை. மலை என்றால் முழு மலை இல்லை. தோட்டம் இப்போது தேயிலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் ஒப்படைக்கிறது. செடியைப் பராமரிக்க வேண்டும், கொழுந்தைத் தோட்டத்துக்கே கொடுக்க வேண்டும். துண்டின் தலைமாட்டில் ஒரு தகரப் பலகையில் பெயர் எழுதி நட்டுவிடுவார்கள். சீட்டுக் குலுக்கியபோது ஜீவராணிக்கு விழுந்தது காற்றடிக்கும் முகடு. பாதிச் செடி செத்து, இடைவெளியாகக் கிடந்த இடம். யாரும் அதை வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவள் அன்றைக்கே பலகையைத் துடைத்தாள். "எங்க பாட்டன் காலத்துல இருந்து இந்த மண்ணுல வேல செய்றோம். மண்ணு மேல எங்க பேரு நிக்கிறது இதான் மொதத் தடவ," என்று என்னிடம் சொன்னாள்.

மலைநாடு என்றால் எப்போதும் மழை என்று நினைப்பவர்கள் பெப்ரவரியில் அந்த முகட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். தைப் பொங்கலுக்குப் பிறகு மழை நின்றுவிடும். விடியற்காலையில் பனி, பத்து மணிக்கு மேல் வெயில், நாள் முழுக்கக் காற்று. இந்தக் காற்றுத்தான் மண்ணைக் குடிக்கிறது. பங்குனி வரை அப்படியே.

முதல் வருடம் அவளும் எல்லோரையும்போல்தான் செய்தாள். இடைவெளிகளில் புதுக் கன்று நட்டாள். நட்டுவிட்டுச் சொரண்டியை எடுத்தாள். சொரண்டி என்பது களை சுரண்டும் தட்டை இரும்பு. புல்லோடு மேல்மண்ணையும் வழித்துக்கொண்டு வரும். எங்கள் பெண்களுக்குச் சொரண்டி பிடித்த மலை என்றால் ஒரு பெருமை. வழித்த மண் செக்கச்செவேலென்று பளபளக்க வேண்டும். வாசல் பெருக்காத வீடு எப்படியோ அப்படித்தான் சுரண்டாத மலை. அந்த வறட்சியில் அவளுடைய கன்றுகள் குச்சி குச்சியாக நின்று கருகின. முனிக்கல்லைச் சுற்றி நட்டவை மட்டும் பிழைத்தன.

அவளுடைய துண்டின் ஓரத்தில் முனியாண்டிக்கு ஒரு கல் நட்டிருக்கிறது. கல்லைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு யாரும் சொரண்டி வைப்பதில்லை; பயம். அங்கே மட்டும் மண் கறுத்து, பாசி மூடி, கரடுமுரடாகக் கிடக்கும். கன்றுகள் அங்கே பச்சையாக நிற்பதைப் பார்த்து முனிதான் காப்பாற்றினார் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஜீவராணியும் கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டுக் குந்திக்கொண்டாள்.

"என்னடி பண்ற?" என்று கேட்டாள் பேச்சியம்மா. பக்கத்துத் துண்டுக்காரி, ஜீவராணியோடு ஒரே வரிசையில் கொழுந்து எடுப்பவள், வயதில் மூத்தவள்.

"முனி காப்பாத்துனாரு, சரி. எப்பிடிக் காப்பாத்துனாருன்னு பாக்க வேணாமாக்கா?"

"சாமிகிட்டயே கணக்குக் கேக்குறியா? வெளங்குவ."

ஜீவராணி கல்லடி மண்ணுக்குள் விரலை விட்டாள். விரல் ஈரமாக வந்தது. நாலு அடி தள்ளிச் சுரண்டிய மண்ணில் விட்டாள். விரல் உள்ளேயே போகவில்லை.

நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் புண் கட்டிக் கட்டி ஓய்வு பெற்றவள். ஆறுகிற புண்ணின் பொருக்கைப் பிய்க்காதே என்று எத்தனையோ பிள்ளைகளின் புறங்கையில் அடித்திருக்கிறேன். மண்ணுக்கும் அப்படி ஒரு பொருக்கு உண்டு என்பதை ஜீவராணி ஒரு துண்டைப் பெயர்த்துக் காட்டியபோதுதான் பார்த்தேன். மேலே பாசி. அதன் கீழே கறுப்பாக ஒரு மெல்லிய ஏடு. அதைத் தூக்கிப் பிடித்தால் அடியில் மண்துகள்கள் நூலில் கோத்ததுபோல் தொங்கின. உதறினாலும் விழவில்லை. "இது பனியக் குடிக்கும், நர்சம்மா. காத்து அடிச்சாலும் கீழ இருக்க ஈரத்த விடாது. மழ பேஞ்சா தண்ணி ஓடாம தடுக்கித் தடுக்கி நின்னு உள்ள எறங்கும்," என்றாள். சொரண்டியைக் கழுவி லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் தன் வீட்டுக் கூரைக்குள் செருகியவள், அதற்குப் பிறகு தன் துண்டுக்குள் அதைக் கொண்டுவந்ததே இல்லை.

அதற்காக எதையும் பிடுங்கக்கூடாது என்று அவள் பிடிவாதம் பிடித்ததும் தவறாகத்தான் போனது. இரண்டாம் வருடம் உயரப் புல்லையும் விட்டுவைத்தாள். புல் ஆள் இடுப்புக்கு வளர்ந்து, கன்றுக்கு இருந்த தண்ணீரையும் குடித்துவிட்டது. "அந்தப் புல்ல வெட்டுங்கன்னு கண்டாக்கையா சொன்னாரு, நான் கேக்கல. அதுல அவரு சொன்னதுதான் சரி," என்று நாலு பேர் நடுவில் அவளே சொல்வாள். இப்போது புளியாரையும் வல்லாரையும் தரையோடு படர்ந்து கிடக்கும்; உயரமாக எழுவதை வேரோடு இழுக்காமல் தண்டில் அறுத்து, அறுத்த இடத்திலேயே போட்டுவிடுவாள். பாசியிலும் அவளுக்கு எல்லாம் ஒன்றில்லை. கீழே கானோரம், மழைத்தண்ணீர் வடியும் வாய்க்காலுக்குப் பக்கத்தில், வழவழவென்று ஒன்று படியும். "இது நல்ல பாசி இல்லீங்க. கண்ணாடி மாதிரி மூடிக்கிட்டு தண்ணிய வழுக்கி விட்டுரும்," என்று ஒரு முள்கரண்டியால் குறுக்குக் குறுக்காகக் கீறி வைப்பாள். வீட்டில் வேறு முள்கரண்டி கிடையாது.

கண்டாக்கையா என்று எல்லோரும் சொல்லும் மேற்பார்வையாளர் கஜேந்திரன், லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர். கெட்டவர் இல்லை. ஆனால் மலை மலையாக இருக்க வேண்டும் என்பார். போன கார்த்திகையில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"ராணி, ஒங்க மலையப் பாத்தா தல சீவாத புள்ள மாதிரி இருக்கு. தொரை வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"தல சீவாட்டியும் புள்ள வளருதுங்களே ஐயா."

"வளரட்டும். வறட்சி முடிய வந்து பாப்பேன். புதுக் கன்னுல பாதிக்கு மேல நின்னா மலை ஒங்களுக்கு. இல்லாட்டி பலகையக் கழட்டி வேற குடும்பத்துக்குக் குடுக்கச் சொல்லிருக்காங்க. இது நான் எடுத்த முடிவு இல்ல, தெரிஞ்சிக்கங்க."

"நிக்கும்," என்றாள் ஜீவராணி. அவ்வளவுதான் பதில்.

மார்கழி கடைசியில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. நாள்பட்ட கட்டி, இன்னும் தள்ளிப்போடக்கூடாது என்று நான்தான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். கந்தப்பன் லீவு எடுத்துக்கொண்டு வந்து வார்டு வாசலில் இருந்தார். அவள் மயக்கம் தெளிந்து முதலில் கேட்டது, "பனி விழுந்துச்சா?" பக்கத்துக் கட்டில்காரி, பனி ஏதோ பிள்ளையின் பெயர், அது விழுந்துவிட்டதா என்று கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "நல்லா இருக்கா, பயப்படாதீங்க," என்று ஆறுதல் சொன்னாள்.

பொங்கல் கழித்து வீட்டுக்கு விட்டார்கள். குனியக்கூடாது, தூக்கக்கூடாது, படியேறக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தோட்டத்துக்கு வந்ததும் ஆட்டோக்காரரிடம் லயத்துக்குப் போகாமல் மேலே விடச் சொன்னாள்.

முகட்டில் பெண்கள் காத்திருந்தார்கள். பேச்சியம்மாவும் அவளோடு கொழுந்து எடுக்கும் மற்றவர்களும், கல்யாண வீட்டில் பெண்ணழைப்புக்கு நிற்பதுபோல் வரிசையாக, முகமெல்லாம் சிரிப்பு. அவர்களுக்குப் பின்னால் மலை செக்கச்செவேலென்று கிடந்தது. ஒரு புல் இல்லை. ஒரு பாசி இல்லை. சுரண்டி, வழித்து, விளக்குமாற்றால் பெருக்கியும் இருந்தார்கள். மேட்டின் தட்டை இடத்தில் சாணி தெளித்து, மாக்கோலம் போட்டு, பொங்கல் வைத்த அடுப்புக் கற்கள் கூட இருந்தன. அந்தத் துடைத்த மண்ணில் புதுக் கன்றுகள் முளைக்குச்சி அடித்ததுபோல் நின்றன. முனிக்கல்லைச் சுற்றி மட்டும் தொடவில்லை.

"எப்பிடி?" என்றாள் பேச்சியம்மா. "ஒரு புல்லு இருக்கா பாரு. பொங்க லீவுல அவங்கவங்க மலைய விட்டுட்டு ஒனக்குத்தான் வந்தோம். ஒன்னால இப்ப முடியாதுன்னுதான்."

ஜீவராணி தையல் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கு வலியா என்று சந்தேகம்.

"எல்லாருமா செஞ்சீங்க?"

"எல்லாருந்தான். ஏன்டி மூஞ்சி அப்பிடிப் போகுது? தப்பு பண்ணிட்டமா?"

இந்த இடத்தில் நானாக இருந்தால் இல்லை என்றிருப்பேன். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் நாங்கள் சொல்கிற பொய்கள் உண்டு. ஜீவராணிக்கு அது வராது.

"ஆமாக்கா," என்றாள். "ரொம்பச் சுத்தமா பண்ணிட்டீங்க."

யாரோ இருமினார்கள். கோலத்துக்கு மேல் காற்று ஓடி, மாவோடு சிவப்புத் தூசியையும் கிளப்பியது. வறட்சி இன்னும் தொடங்கக்கூட இல்லை.

"அப்ப எங்க முதுகு போனதுக்கு இதான் பேச்சா?" என்றாள் பேச்சியம்மா.

"பேச்சு அப்பறம் பேசுவோம். சொரண்டுனத எங்க கொட்டுனீங்க?"

"எது?"

"அந்தப் பாசி, பொருக்கு எல்லாம்."

"குப்பைய எங்க கொட்டுவாங்க? ஒரப்பையில கட்டி கானுக்குப் பக்கத்துல வச்சிருக்கு. யாரு தூக்கிட்டுப் போறது."

"தூக்கிட்டுப் போகலயா?" முதல் தடவையாக அவள் முகம் மாறியது. "நல்லவேள. நீங்க ஒரு வேலையும் முழுசா முடிக்க மாட்டீங்கன்னு சாமிக்குத் தெரிஞ்சிருக்கு."

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பேச்சியம்மா சிரிக்கவில்லை. கோபத்தோடு இறங்கிப் போனவள், மறுநாள் வேலை முடிந்ததும் அதே கோபத்தோடு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். யாரோடும் பேசவில்லை.

நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் முகட்டில் போட்டு ஜீவராணியை அதில் உட்கார வைத்தேன். எழுந்தால் தையல் பிரியும், பிரிந்தால் என்னைக் கூப்பிடாதே என்று சொல்லி வைத்தேன். அவள் நாற்காலியிலிருந்து ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, சுரண்டிய பொருக்கைத் திரும்ப மண்ணில் சேர்க்கும் வேலையை நடத்தினாள். உரப்பையிலிருந்த பொருக்கு காய்ந்து சருகாக இருந்தது. "காஞ்சா செத்துப் போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல. தூங்குது," என்றாள். புட்டு மாவு உதிர்ப்பதுபோல் கைக்குள் வைத்து உதிர்க்க வேண்டும். கன்றுகளுக்கு நடுவில் தூவ வேண்டும். உள்ளங்கையால் தட்டி மண்ணோடு ஒட்டவைக்க வேண்டும். மேலே மானாப்புல்லை அறுத்து, கீழே மண் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகப் பரப்ப வேண்டும். "மொத்தமாப் போடாதீங்க. வெளிச்சமும் பனியும் உள்ள போகணும். பொணத்துக்கா போத்துறீங்க?"

பை தீர்ந்தபோது மேல் வரிசைகள் வெறுமையாக இருந்தன. மிச்சம் இருந்தது முனிக்கல்லடி மட்டும்.

"அங்க நான் கை வைக்க மாட்டேன்," என்றாள் பேச்சியம்மா. அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு. "எனக்குப் பேரப்புள்ளைங்க இருக்கு."

ஜீவராணி சூடம் ஏற்றச் சொன்னாள். நாற்காலியில் இருந்தபடியே கும்பிட்டாள். "கொஞ்சம் எடுத்துக்கிறேன் சாமி. நீங்க பாத்துக்கிட்டுதான இருக்கீங்க, இவளுக பண்ணுன வேலைய," என்றாள். பிறகு என்னை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். ஒரு சுளகு நிறைந்ததும் போதும் என்றாள். இன்னும் எடுத்தால் மேல் வரிசைகளுக்கும் வரும் என்றேன்.

"எல்லாத்தையும் எடுத்துட்டா அப்பறம் இதுக்குத் தாய் எங்க இருக்கு? மேல போனாப் போகட்டும்."

போனது. மாசியில் மேல் வரிசைக் கன்றுகள் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாகின. தூவிய இடங்களில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பாதிக்குப் பாதி காற்றோடு போயிருக்கும் என்று நான் நினைத்தேன். பிறகு பனி விழுந்த காலைகளில் அங்கங்கே பூஞ்சணம் பிடித்ததுபோல் பச்சைப் புள்ளி தெரிந்தது. வெயில் ஏற மறைந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் பெரிதாக வந்தது. நான் போகும்போதெல்லாம் அவள் கீழே ஓர் இடத்திலும் மேலே ஓர் இடத்திலும் என்னை விரல் விடச் சொல்வாள். கீழே விரலில் மண் ஒட்டும். மேலே தூசி. மற்றத் துண்டுகளிலும் அந்த வருடம் தூசிதான். பேச்சியம்மாவின் மலையில் புதுக் கன்று முக்கால்வாசி போய்விட்டது. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பங்குனிக் கடைசியில் கண்டாக்கையா வந்தார். பெண்கள் பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கீழிருந்து வரிசை வரிசையாக, வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஏறினார். ஜீவராணி பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கை மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. அது அறுந்து விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மேல் வரிசைக்கு வந்ததும் அவர் நின்றார்.

"இங்க போச்சு."

"போச்சுங்கையா."

"சொரண்டி வச்சிருக்கே. நீங்கதான் சொரண்டி வைக்கவே மாட்டீங்களே. யாரு சொரண்டுனது?"

பக்கத்து மலையில் கொழுந்து கிள்ளும் சத்தம் நின்றது.

"என் மலை," என்றாள் ஜீவராணி. "நாந்தான் பொறுப்பு."

"நாங்கதான் சொரண்டுனோம் ஐயா," என்று பேச்சியம்மா அங்கிருந்து குரல் கொடுத்தாள். "அவ ஆஸ்பத்திரில கெடந்தா. பொய் சொல்லத் தெரியாத கழுத, இன்னைக்கித்தான் பழகுது."

கண்டாக்கையா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு திரும்பி, கீழே பச்சையாக நின்ற வரிசைகளை இன்னொரு தடவை முணுமுணுத்து எண்ணினார்.

"பாதிக்கு மேல நிக்கிது. இந்தக் காத்துல நிக்கிதுன்னா பெரிய விசயந்தான்," என்றார். "பலகை இருக்கட்டும். தொரைகிட்ட நான் பேசிக்கிறேன்."

"சரிங்கையா," என்றாள் ஜீவராணி, கொழுந்தை எடை போட்டுவிட்டுச் சொல்வதுபோல்.

அவர் இறங்கிப் போனதும் பெண்கள் மறுபடி வரிசைக்குத் திரும்பினார்கள். பேச்சியம்மா மட்டும் கூடையோடு எல்லையில் நின்றாள். தன் மலையைப் பார்த்தாள், காய்ந்த புல்லைக் காலால் தள்ளினாள், வானத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"ஒன்னும் இல்ல. மழ வந்தா நானும் திரும்பக் கன்னு வைக்கணும்."

"வையுங்க."

"வச்சா மட்டும் போதுமா?" என்றாள் பேச்சியம்மா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஜீவராணி ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினாள். நடு வரிசையில், எல்லாவற்றையும்விடச் செழிப்பாக நின்ற கன்றின் தூரில்தான் பாசி நன்றாக மூடியிருந்தது. கட்டைவிரல் நகத்தால் அதைச் சுற்றிக் கீறினாள். ஒரு ரொட்டி அகலத்துக்குப் பொருக்கு, அடிமண் தொங்கத் தொங்க, உடையாமல் வந்தது.

"அடியே, அங்கயா எடுக்குற? ஓரத்துல இருக்கறதக் குடு, போதும்."

அவள் அதைப் பேச்சியம்மாவின் முந்தானையில் வைத்து, முனையை மடித்து அவள் கையிலேயே பிடிக்கக் கொடுத்தாள். பிறகு ஒரு பிடி மானாப்புல்லை இழுத்து, தன் மண்ணில் திறந்து கிடந்த இடத்தில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினாள்.